வலிக்காத கயிறு: படிப்பகச் சுவர் ஓவியம் ஒன்றைத் திருத்திய பதிவு

குமரி மாவட்டத்தில் மணக்குடிக்குப் பக்கத்தில் ஒரு படிப்பகம். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில், 14 அடி அகலம் 6 அடி உயரத்தில், கரைமடி (கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலை) இழுக்கிற காட்சி ஒன்றை மூன்று வருஷத்துக்கு முன் நான் வரைந்திருந்தேன். கடல், மணல், தென்னை, பின்னால் மருந்துவாழ் மலை, கயிறு பிடித்த ஏழு பேர். வரைந்து முடித்த அன்று எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். காலையில் பேப்பர் படிக்க வருகிற ஒரு பாட்டா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயுசில் பாதிக்கு மேல் கடலில் கழித்தவர்.

போன மார்கழியில் சுவரின் கீழ்மூலை உப்புப் பூத்துப் பொரிந்துவிட்டது, ஒட்டுப் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டா பேப்பரை மடித்து வைத்தார்.

"மக்களே, தப்பா நெனைக்காத. இவனுவ கயிற வலிக்கல்ல. கயிறப் பிடிச்சிட்டு நிக்கானுவ."

வலிப்பது என்றால் எங்கள் பக்கம் இழுப்பது. நான் சுவரைப் பார்த்தேன். மூன்று வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்ததற்கு அவர் ஒரு வரியில் பெயர் வைத்துவிட்டார். ஒட்டுப் போடுகிற வேலை அன்றோடு போனது. முழுச் சுவரையும் திருத்தித் தருகிறேன், கூலி வேண்டாம், பெயிண்ட் மட்டும் வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதினாறு நாள் வேலையில் செய்ததையும் பிசகியதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சுவரில் ஆழமும் அசைவும் கொண்டுவர நினைக்கிற யாருக்காவது உதவும்.

முதல் மூன்று காலையும் பிரஷைத் தொடவில்லை. ஆறு மணிக்கே கரைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயசிலிருந்து பார்த்த காட்சிதான், ஆனால் வரைய வேண்டும் என்று பார்க்கும்போது வேறு. கரைமடிக்குக் கயிறு இரண்டு. இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கிறது. கடலைப் பார்த்தபடியே பின்னால் நடந்து மணல்மேட்டில் ஏறுகிறார்கள். மேலே வந்து சேர்ந்த ஆள் கயிற்றை விட்டுவிட்டு நடந்து இறங்கி, தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிக்கிறார். ஆக, இழுக்கிற வரிசை ஒரு சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏழு பேரை ஏழு இடத்தில் நட்டு வைத்த என் பழைய படத்தில் இது இல்லவே இல்லை. எல்லாரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிற்றை விட்டுவிட்டு நடக்கிற அந்த ஒருவன் இல்லை.

இன்னொன்று, மேட்டில் நின்று பார்த்தால் இழுக்கிறவர்களின் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். சுவரில் நான் எல்லாருக்கும் பக்கவாட்டு முகம் வைத்திருந்தேன், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. முதுகு காட்டுகிற உருவத்துக்கு ஒரு பலம் உண்டு. பார்க்கிறவன் அதன் பின்னால் போய் நின்று, அது பார்க்கிற திசையிலேயே படத்துக்குள் பார்ப்பான். பிரூகல் 1565இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படம் வியன்னாவில் இருக்கிறது. அச்சில்தான் நான் பார்த்திருக்கிறேன். முன்னால் இடது பக்கம் வேட்டைக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சரிவில் இறங்கப் போகிறார்கள். கூடவே மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே இறங்குகின்றன. கீழே பள்ளத்தாக்கின் மேல் ஒரு பறவை சிறகை விரித்துக் கிடக்கிறது. அந்த முதுகுகளைத் தாண்டித்தான் நம் கண் பள்ளத்தில் இறங்க முடியும். அதே வழியை நம் மணல்மேட்டில் வைக்கலாம் என்று தோன்றியது.

நாலாம் நாள் சாரம் கட்டினோம். உதவிக்கு நாகர்கோவிலில் படிக்கிற ஒரு தம்பி. சுவர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புப் பூத்த இடத்தில் பழைய பூச்சைச் செங்கல் தெரிகிறவரை கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவி, காயவிட்டு, புதிதாகப் பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்தோம். பூச்சு காயாமல் பட்டி பார்த்தால் ஆறே மாதத்தில் மறுபடி பொரியும். கடலோரத்தில் இதற்கு அவசரப்படவே கூடாது.

காய்கிற நாட்களில் தம்பியைத் திருவட்டாறு கோவிலுக்குக் கூட்டிப் போனேன். ஆதிகேசவப் பெருமாள் கோவில் பிரகாரத்தின் ஒரு மூலையில் நின்றால், கையில் விளக்கேந்திய பாவைகளோடு தூண்கள் வரிசையாக ஓடுகின்றன. தூரத்துப் பார்வையை இதைவிட நன்றாகச் சொல்லித் தருகிற இடம் எனக்குத் தெரியாது. மேல்விளிம்பு எல்லாம் கீழே சரிகிறது, தரைவிளிம்பு எல்லாம் மேலே ஏறுகிறது, இரண்டும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருகிறது. "இப்ப உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். "அண்ணே, புள்ளியும் கூட உட்காருது!" என்றான். அதுதான் விஷயம். அந்தப் புள்ளி கோவிலில் இல்லை, நம் கண்ணின் உயரத்தில் இருக்கிறது. இத்தாலியில் அல்பெர்ட்டி 1435இல் இந்தக் கணக்கை ஓவியர்களுக்காக எழுதி வைத்தார். கணக்கைத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்ப்பது சீக்கிரம் மனதில் பதியும்.

அங்கேயே அவன் கேட்டான், "பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்ப்படத்துல இந்தப் புள்ளி எதுவும் கெடையாதே அண்ணே, அது மட்டும் எப்படி நல்லா இருக்கு?" நியாயமான கேள்வி. உப்பரிகை மாளிகை மேல்மாடி ஓவியங்களில் தொடுவானம் கிடையாது. உருவத்தின் மேல் உருவம் நெருங்கி, சுவர் முழுக்க நிறைந்திருக்கும். அங்கே அசைவு வளைகோட்டில் இருக்கிறது. ஆழத்துக்கு ஒன்றை ஒன்று மறைப்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த ஓவியன் சுவரைச் சுவராகவே வைத்துக்கொண்டான். நான் இந்தப் படிப்பகத்தில் சுவரைத் திறந்து கடற்கரையைக் காட்ட நினைத்தேன். வேலை வேறு, அதனால் வழியும் வேறு.

திரும்பி வந்து முதலில் தொடுவானத்தை மாற்றினேன். பழைய படத்தில் அது சரி பாதியில், 3 அடியில் இருந்தது. மேலே பாதி வானம், கீழே பாதி கடலும் மணலும். கண் எங்கே போவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடும். படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. நிற்கிற ஆளின் கண் சுமார் 5 அடியில். ஆகவே படத்துக்குள் இரண்டரை அடி உயரத்தில் நூல் அடித்தேன். நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் 14 அடிக்கும் ஒரே கோடு விழும். இப்போது அறைக்குள் நிற்கிறவனின் கண்மட்டமும் படத்தின் தொடுவானமும் ஒன்று. அந்த ஒரு கோடு விழுந்ததுமே, ஒன்றும் வரைவதற்கு முன்பே, சுவர் பின்னால் போன மாதிரி இருந்தது.

இதிலிருந்து ஆட்களின் அளவு தானாக வரும். என் கால் நிற்கிற மணலும் அவர்கள் கால் நிற்கிற மணலும் ஒரே மட்டம் என்றால், எவ்வளவு தள்ளி நின்றாலும் தொடுவானம் எல்லாரையும் கண் உயரத்தில்தான் வெட்டும். கிட்ட நிற்பவனுக்குக் கால் கீழே போகும், தள்ளி நிற்பவனுக்குக் கால் மேலே ஏறும். தலை அதே கோட்டில். பழைய படத்தில் நான் செய்தது நேர் எதிர். கால் எல்லாம் ஒரே கோட்டில், தலை மட்டும் சிறுத்துக்கொண்டே போனது. அதனால்தான் கடைசி மூன்று பேர் சின்னப் பையன்கள் மாதிரி தெரிந்தார்கள். மணல் சரிவாக இருப்பதால் இன்னொரு திருத்தமும் வேண்டும். தண்ணீர் ஓரத்தில் நிற்பவன் என்னைவிடப் பள்ளத்தில் நிற்கிறான். அவன் தலைக்கு மேலே கொஞ்சம் கடல் தெரிய வேண்டும். அந்த ஒரு கீற்றுக் கடல்தான் மணல் சரிவு என்பதைச் சொல்கிறது.

மிகக் கிட்ட இருக்கிற ஆளை உண்மையான ஆள் அளவிலேயே வைத்தேன், இடது ஓரத்தில், முதுகு காட்டி. படத்தின் கீழ்விளிம்பு அவரைத் தொடையோடு வெட்டுகிறது. படிப்பகக் கமிட்டியில் ஒரு அண்ணன் வந்து, "இவருக்குக் காலு எங்க?" என்று கேட்டார். "காலு நம்ம ரூமுக்குள்ள நிக்குதுண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார், சரி என்று போய்விட்டார். விளிம்பு வெட்டினால் உருவம் படத்துக்கு வெளியிலும் தொடர்கிறது என்று மனம் நம்பிவிடும். திருவட்டாறில் 22 அடிப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத் துண்டு துண்டாகத்தானே பார்க்கிறோம். ஒரு வாசலிலும் முழுசாகத் தெரிவதில்லை. ஆனால் அவர் முழுசாகக் கிடக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அவருக்கு அடுத்தவர் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்த கூட்டம் ஒன்றரை அடி, தண்ணீர் ஓரத்தில் இருப்பவர்கள் பத்து அங்குலம். பழைய படத்தில் முன்னால் இருப்பவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் இவ்வளவு வித்தியாசம் இல்லை. கிட்ட இருப்பதைத் துணிந்து பெரிதாக்குவதில்தான் ஆழம் பிறக்கிறது. ஹொக்குசாய் சுமார் 1831இல் செய்த கனகாவா பேரலை அச்சுப்படத்தில் ஃபூஜி மலை அலையின் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடாக உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானின் உயரமான மலை அது. அலை அதைவிடப் பெரிசு. அந்தத் துணிச்சலால்தான் அந்தச் சின்னத் தாளுக்குள் அத்தனை தூரம் இருக்கிறது.

அடுத்தது இடைவெளி. தூரம் போகப் போகச் சம இடைவெளி எப்படிக் குறுகும் என்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. முதல் கம்பம், இரண்டாம் கம்பம் வரைந்துவிட்டு, முதல் கம்பத்தின் தலையிலிருந்து இரண்டாவதன் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால் அது தரைக்கோட்டைத் தொடுகிற இடம் மூன்றாம் கம்பம். இப்படியே போகலாம். மாத்தூர் தொட்டிப்பாலத் தூண்களை வரைய இது அருமையான வழி. நானும் இதே வழியில் ஆட்களுக்குப் புள்ளி வைத்தேன். கணக்கு சரி, படம் செத்துப்போய் இருந்தது. மனுஷன் தூண் இல்லை. அப்புறம் அந்தப் புள்ளிகளை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை நகர்த்தினேன். மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் மேல் ஒருவர் பாதி மறைத்து. பிறகு ஒரு பெரிய வெற்றிடம். அதில் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்து இறங்குகிற ஆள். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஒருவர். கண் கூட்டத்தில் நின்று, வெற்றிடத்தில் வேகமாக நடந்து, மறுபடி நிற்கிறது. தாளம் தட்டுவதில் அடிக்கும் அடிக்கும் நடுவில் இருப்பதைத்தானே நடை என்கிறோம்.

இனி பாட்டா சொன்ன விஷயம். நிற்கிறார்களா, வலிக்கிறார்களா? இதற்கு நான் பயன்படுத்திய கருவி கொத்தனாரின் தூக்குக்குண்டு. சுவரில் வரைந்த உருவத்தின் கழுத்துக்குழி இருக்க வேண்டிய இடத்தில் நூலை வைத்துக் குண்டைத் தொங்கவிட்டேன். பழைய ஏழு பேருக்கும் குண்டு இரண்டு பாதத்துக்கும் நடுவில் வந்து நின்றது. ஏழு பேரும் நிம்மதியாக நிற்கிறார்கள் என்று அர்த்தம். கயிற்றை அறுத்துவிட்டாலும் விழமாட்டார்கள். இழுக்கிற ஆளின் கனம் பாதத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் அவன் மல்லாக்க விழ வேண்டும். அப்போதுதான் அவனைப் பிடித்து வைத்திருப்பது கயிறு என்று தெரியும், கயிற்றின் மறுமுனையில் ஏதோ கனமாக இருக்கிறது என்றும் தெரியும். கரித்துண்டால் ஒவ்வொருவரையும் சாய்த்தேன். ஒருவருக்கு 20 பாகை, இன்னொருவருக்கு 35, நடுவில் ஒருவர் அப்போதுதான் காலை மாற்றுகிறார், அவர் மட்டும் கிட்டத்தட்ட நேராக. எல்லாரையும் ஒரே சாய்வில் வைத்தால் வேலி மாதிரி ஆகிவிடும். குதிகால் மணலில் புதைந்த குழி, குழிக்கு முன்னால் குவிந்த மணல், இதை முன்னால் இருக்கிற முழு உருவத்துக்கு மட்டும் விலாவாரியாக வரைந்தேன். மற்றவர்களுக்குக் கண் தானே போட்டுக்கொள்கிறது.

கயிறு தொய்ந்திருந்தது இன்னொரு பிழை. ஆளுக்கு ஆள் நடுவில் மாலை மாதிரி வளைத்து, அழகு என்று நினைத்திருந்தேன். கனம் ஏறிய கயிறு கோடு மாதிரி நிற்கும், ஒவ்வொரு கையிலும் துளி முறியும். நூலையே சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டி, அதன் மேல் பிரஷ் ஓட்டினேன். கடலுக்குள் போகிற இடத்தில் கயிறு எங்கே முடிகிறது என்று காட்டவில்லை. இரண்டு மூன்று வெளிச்சப் பொட்டு, அவ்வளவுதான்.

நாம் இடமிருந்து வலம் வாசிக்கிறவர்கள். படத்தையும் அப்படியே நுழைந்து பார்க்கிறோம் என்பது என் அனுபவம். கண் கயிற்றின் வழியே வலது பக்கம் கடலுக்குள் ஓடுகிறது, ஆட்கள் இடது பக்கம் சாய்கிறார்கள். இந்த எதிர்விசைதான் படத்தை இறுக்கிக் கட்டுகிறது. ஜெரிக்கோ 1819இல் முடித்த 'மெடுசா தெப்பம்' ஓவியத்தில் இது மிகப் பெரிய அளவில் இருக்கிறது. மனிதர்கள் எல்லாரும் வலது மேல் மூலையை நோக்கி ஏறுகிறார்கள், காற்று நிறைந்த பாய் தெப்பத்தை இடது பக்கம் இழுத்துப் போகிறது. பாரிஸ் லூவரில் உள்ள படம். அதை நினைத்துக்கொண்டு தென்னை ஓலைகளைப் பார்த்தேன். பழைய படத்தில் குடை மாதிரி நாலாபக்கமும் சமமாக விரித்து வைத்திருந்தேன். பாட்டாவிடம் கேட்டேன், அந்த நேரத்தில் காற்று எங்கிருந்து?

"தையில காலம்பற வாடைல்லா. கரையிலேருந்து கடலுக்கு."

அப்படியென்றால் ஓலை எல்லாம் கடல் பக்கம் சாய வேண்டும். ஆட்கள் இழுப்பதற்கு எதிர்த்திசை! இயற்கையே எனக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி பதினோரு மணிவரை ஓலை வரைந்தோம்.

நிறத்தில்தான் ஒரு பெரிய சறுக்கல். தூரத்து மலை நீலமாகத் தெரிவது நடுவில் இருக்கிற காற்றால். காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல் மலையின் கருமைமேல் படிந்து நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் நீல ஸ்டெய்னரைத் தாராளமாகக் கலந்து மருந்துவாழ் மலையை அடித்தேன். காய்ந்ததும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இடத்தை விட்டுத் துருத்திக்கொண்டு முன்னால் வந்து நின்றது. நீலமாக்கினால் மட்டும் போதாது, வெளிறவும் மங்கவும் வேண்டும். மறுநாள் ஒரு வாளியில் காற்றையே கலந்தேன் என்று சொல்லலாம். வெள்ளை எமல்ஷன், நீலம் கொஞ்சம், ரெட் ஆக்சைடு ஒரு துளி, எல்லோ ஆக்சைடு ஒரு துளி. விடிகாலைத் தொடுவானத்தின் சாம்பல் நீலம் வரும்வரை. பிறகு எல்லா நிறத்திலும் அந்த வாளியிலிருந்து சேர்த்தேன். முன்னால் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. தென்னந்தோப்புக்கு நாலில் ஒரு பங்கு. மருந்துவாழ் மலைக்குப் பாதி. அதற்கும் பின்னால் தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நாலில் மூன்று பங்கு. எமல்ஷன் காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும், அதனால் அட்டைத் துண்டில் தடவி ஃபேனுக்கு முன் காயவைத்துப் பார்த்த பிறகே சுவரில் வைத்தோம்.

வெள்ளைக்கு விதி வேறு. தூரத்து வெள்ளை நீலமாவதில்லை, மஞ்சள் பக்கம் போகும். கரையோரம் தூரத்தில் தெரிகிற கோவில் கோபுரத்தை, அதாவது எங்கள் பக்கத்து மாதா கோவிலை, முன்பு பளிச்சென்று வெள்ளையில் அடித்திருந்தேன். படத்திலேயே அதுதான் முன்னால் வந்து நின்றது. இப்போது பாலில் துளி மஞ்சள் கலந்த நிறம். அது நகர்ந்து தன் இடத்துக்குப் போய்விட்டது.

விளிம்புகளுக்கும் இதே கவனம். முன்னால் இருப்பவரின் தோள்விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. மலைவிளிம்பு ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்த மென்மை. கடற்காற்றில் பெயிண்ட் நிமிஷத்தில் இறுகிவிடுகிறது, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஒற்ற வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் சாரத்தை விட்டு இறங்கி வாசலில் நின்று பார்த்தால், கடலுக்குத் திரும்பி நடக்கிற ஆளின் தலையில் மருந்துவாழ் மலை உட்கார்ந்திருந்தது. தலையின் விளிம்பும் மலையின் அடிக்கோடும் மயிரிழை தொட்டுக்கொண்டிருந்தன. சும்மாடு வைத்து மலையைச் சுமக்கிற மாதிரி. இரண்டு விளிம்பு தொட்டும் தொடாமலும் இருந்தால் நடுவில் இருக்கிற ஐந்து கிலோமீட்டரும் செத்துவிடும். ஒன்று நன்றாக மறைக்க வேண்டும், அல்லது நன்றாக விலக வேண்டும். அவரை 4 அங்குலம் கீழே இறக்கிச் சரிவில் விட்டேன். தலைக்கு மேல் கடல் கீற்று வந்தது, மலை பின்வாங்கியது.

நிழலுக்குச் சூரியன் வலது பக்கம் படத்துக்கு வெளியே, நமக்கு எதிரே இருப்பதாக வைத்துக்கொண்டேன். சூரியனுக்கு நேர் கீழே தொடுவானக் கோட்டில் ஒரு ஆணி. ஆணியிலிருந்து நூலை ஒவ்வொருவர் பாதத்தின் வழியாகவும் இழுத்தால் நிழல் விழுகிற திசை கிடைக்கும். எல்லா நிழலும் விரிந்துகொண்டே நம்மை நோக்கி வந்தன. மணலின் சரிவுக்குத் தக்கபடி கொஞ்சம் கையால் திருத்தினேன்.

பதினாறாம் நாள் சாரம் பிரித்தோம். காலையில் பாட்டா வந்தார், வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. நின்றார். நடந்து வலது பக்கம் போனார், திரும்பி வந்தார்.

"வலிக்கானுவ," என்றார். அப்புறம், "மத்தக் கயிறு எங்க?"

எனக்குத் திக்கென்றது. மூன்று காலை உட்கார்ந்து இரண்டு கயிற்றைப் பார்த்தவன் ஒன்றைத்தான் வரைந்திருக்கிறேன். அடுத்த கூட்டம் கிழக்கே தள்ளி, அதே கரையில், படத்துக்குள் வர வேண்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும். தென்னந்தோப்புக்கும் மாதா கோவிலுக்கும் நடுவில் காலி மணல். மூன்று அங்குல உயரம். வாளியில் மிச்சமிருந்த காற்று நிறத்தில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து, சின்ன பிரஷால் ஆளுக்கு நாலு இழுப்பு. எல்லாரும் சாய்ந்து. கயிறுக்கு ஒரு மெல்லிய கீறல், பாதியில் விட்டுவிட்டேன். முன்னால் ஆள் அளவில் நடக்கிற அதே வேலை அங்கே மூன்று அங்குலத்தில் நடந்தது. அதுவரை எங்கும் கிடைக்காத தூரம் அந்த இடத்தில் திறந்தது.

பாட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய் விரலால் எண்ணினார்.

"அஞ்சு பேருதான் இருக்கு மக்களே. அஞ்சு பேரால அந்த மடி வராது."

இன்னும் மூன்று பேரை வைத்தேன்.